பீக் 1000 போட்டதும் திரை மங்குதா? ஓலெட் மொனிற்றரில் எச்டிஆர் சிக்கல்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கோண்டாவிலில் இருக்கிற மச்சான் புதிதாக ஓலெட் மொனிற்றர் ஒன்று வாங்கி, இரவு பத்தரைக்கு எனக்கு அழைப்பு எடுத்தான். "பெட்டியில ஆயிரம் நிற்ஸ் எண்டு போட்டிருக்கு. அந்த மோட்டைப் போட்டா முந்தியிருந்ததை விட இருட்டாக் கிடக்கு. பழுதான சாமானைத் தந்திட்டாங்களோ?" என்று கேட்டான். (நிற்ஸ் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கிற அலகு.) அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். அவன் விளையாடிக்கொண்டிருந்தது பனிமலைக் காட்சி, திரையில் முக்கால்வாசி வெள்ளை. மொனிற்றருக்குக் கீழே உள்ள பொத்தானைத் தட்டி மெனுவில் பீக் 1000 என்ற மோட்டில் இருந்து ட்ரூ பிளாக் 400 என்ற மோட்டுக்கு மாற்றினேன், அந்த நொடியே பனி முழுக்க வெளிச்சம் ஏறி வந்தது. மொனிற்றரில் ஒரு பழுதும் இல்லை.

இதே கேள்வியை இந்த வருடம் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு விடயத்தை முதலே சொல்லிவிடுகிறேன்: எச்டிஆர், அதாவது ஆழ்ந்த இருட்டில் இருந்து கூசுகிற வெளிச்சம் வரை கூடிய வீச்சில் படம் காட்டுகிற முறை, அதன் வெளிச்சத்துக்கு மூன்று இடங்களில் எண் இருக்கிறது. மொனிற்றரின் மோட் ஒன்று, விண்டோஸ் (அல்லது பிளேஸ்டேஷன்) ஒன்று, கேமின் உள்ளே ஒன்று. இந்த மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லாவிட்டால் படம் கெடும். சரிசெய்கிற ஒழுங்கும் இதேதான், முதலில் மோட், பிறகு விண்டோஸ், கடைசியாகக் கேம். பலர் கேமில் இருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவார்கள், இரண்டு மணித்தியாலம் வீணாகிவிடும்.

தொடங்க முதல் பெட்டியைப் பாருங்கள். "டிஸ்பிளே எச்டிஆர் 400" என்பதும் "டிஸ்பிளே எச்டிஆர் ட்ரூ பிளாக் 400" என்பதும் ஒன்றல்ல. இரண்டும் திரைகளுக்குத் தரம் வகுக்கிற வெசா அமைப்பின் சான்றிதழ்தான். முதலாவது சாதாரண எல்சிடிக்கும் கிடைக்கும், பின்விளக்கைப் பகுதி பகுதியாகக் குறைக்கிற வசதிகூட அதற்குத் தேவையில்லை. ட்ரூ பிளாக் என்பது 2019இல் ஓலெட் மாதிரியான திரைகளுக்காக வந்தது, அதில் கறுப்பு 0.0005 நிற்ஸுக்கு மேல் போகக்கூடாது. உங்களுடையது முதலாவது வகை என்றால் இங்கே சொல்லுகிற பாதி உங்களுக்குப் பொருந்தாது.

பீக் 1000 போட்டால் முழுப் படமும் மங்குகிறது

மச்சானுக்கு வந்தது இதுதான், அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடமும் இதுதான்.

ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. எல்லாப் புள்ளியும் ஒன்றாக முழு வெளிச்சத்தில் எரிந்தால் மின்சாரமும் சூடும் தாங்காது, புள்ளிகளும் கெதியாகத் தேயும். அதனால் மொனிற்றர் மொத்தத்துக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. தோட்டத்தில் கிணற்று மோட்டரைப் போட்டு இறைக்கிறவர்களுக்கு இது விளங்கும்: ஒரு பாத்திக்கு மட்டும் தண்ணீரைத் திருப்பினால் பாய்ந்து வரும், பத்துப் பாத்தியையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் எல்லாவற்றிலும் ஊர்ந்துதான் போகும், மோட்டர் அதே மோட்டர்தான். இந்த எல்லையைப் பிடிக்கிற பகுதிக்கு ஏபிஎல் என்று பெயர், தானாக வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது.

ஓலெட்டில் ஒரு வகையான கியூடி-ஓலெட் மொனிற்றர்களில் எண்கள் சுமாராக இப்படி இருக்கும். திரையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மட்டும் வெள்ளையாக இருந்தால் 1000 நிற்ஸ் வரும். பத்துப் பங்கு வெள்ளை என்றால் 450 அளவில் நிற்கும். முழுத்திரையும் வெள்ளை என்றால் ஏறத்தாழ 250. பெட்டியில் அச்சடிக்கிற 1000 அந்த முதலாவது எண் மட்டும்தான், அதாவது இரவு வானத்தில் நிலா, தூரத்து வெடிப்பு, வாளின் நுனியில் ஒரு மினுக்கம்.

சரி, பெரிய வெள்ளைக்கு இரண்டு மோட்டிலும் 250தானே, பிறகு ஏன் பீக் 1000இல் கூடுதலாக மங்குகிறது? எச்டிஆர் சிக்னல் பிகியூ என்ற வளைவைப் பின்பற்றுகிறது, 2014இல் தரப்படுத்தப்பட்டது, உச்சம் 10,000 நிற்ஸ். அதில் ஒவ்வொரு எண்ணும் "இந்தப் புள்ளி இத்தனை நிற்ஸ்" என்று நேரடியாகச் சொல்லும் கட்டளை. ட்ரூ பிளாக் 400 அந்தக் கட்டளையை 400, 450 வரைக்கும் ஏறக்குறைய அப்படியே நிறைவேற்றிவிட்டு அதற்கு மேலே வருவதை வெட்டிவிடும். பீக் 1000 உச்சத்துக்கு இடம் விடவேண்டும் என்பதால், காட்சியில் வெளிச்சமான பரப்பு கூடக் கூட முழுப் படத்தையும் ஒரே விகிதத்தில் கீழே இறக்கும். வெள்ளை மட்டும் இறங்கினால் பரவாயில்லை, 50 நிற்ஸில் இருக்கவேண்டிய முகம், 20 நிற்ஸில் இருக்கவேண்டிய மரநிழல், எல்லாம் சேர்ந்து இறங்கும். கண்ணுக்கு "மங்கல்" என்று தெரிவது இந்த நடுத்தர வெளிச்சம் இறங்குவதுதான்.

உங்கள் மொனிற்றரில் இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். விண்டோஸில் எச்டிஆரைப் போடுங்கள். எச்டிஆர் பக்கத்தில் எஸ்டிஆர் பிரைற்னஸ் (எஸ்டிஆர் என்பது எச்டிஆர் அல்லாத சாதாரணப் படம்) என்று ஒரு இழுவைக் கோடு இருக்கும், அதை 30இல் வையுங்கள், அப்போது வெறும் வெள்ளை 200 நிற்ஸ் அளவில் வரும். நோட்பாட்டைத் திறந்து, வெறும் வெள்ளைப் பக்கத்தை ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, பின்னால் கறுப்புப் படத்தை வைத்துவிட்டு, மூலையைப் பிடித்து மெதுவாகப் பெரிதாக்குங்கள். 200 என்பது முழுத்திரை எல்லைக்கும் குறைவுதான், ஆகவே மங்கக்கூடாது. ட்ரூ பிளாக்கில் பெரும்பாலும் மங்காது. பீக் 1000இல் பல மாடல்களில் வெள்ளை அரைத்திரையைத் தாண்டும்போது வெளிச்சம் இறங்குவது நன்றாகவே தெரியும், திரும்பச் சுருக்கினால் ஏறும். அப்படி ஏறி இறங்கினால் நீங்கள் பார்ப்பது ஏபிஎல், பழுது அல்ல, கடைக்குத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை.

என்ன செய்வது? காட்சிக்கு ஏற்ற மோட்டைத் தெரியுங்கள். பகல் வெளி, பனி, கடற்கரை, கார் ஓட்டம், காற்பந்து என்றால் ட்ரூ பிளாக் 400. இருட்டுக் குகை, விண்வெளி, மழை பெய்கிற இரவு நகரம், பேய்க் கேம், இரவில் படம் பார்ப்பது என்றால் பீக் 1000. மாற்றி மாற்றிப் போட விருப்பமில்லை, ஒன்றையே சொல்லுங்கள் என்றால் நான் ட்ரூ பிளாக் 400ஐத்தான் சொல்லுவேன். உச்சத்தில் கொஞ்சம் இழந்தாலும் மிச்சம் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். ஆனால் பீக் 1000ஐ யாராவது ஏமாற்று என்று சொன்னால் நம்பவேண்டாம். விளக்கை அணைத்த அறையில், கறுப்புத் திரையில் ஒரு தீப்பொறி 1000 நிற்ஸில் பறப்பதைப் பார்த்தால் எதற்காக இவ்வளவு காசு கொடுத்தோம் என்று தெரியும்.

பெயர்கள் குழப்பும். 2022இல் முதல் கியூடி-ஓலெட் கேமிங் மொனிற்றராக வந்த ஏலியன்வெயாரின் 34 அங்குலத் திரையிலேயே இந்த இரண்டு மோட்டும் இருந்தன, எம்எஸ்ஐயும் கிட்டத்தட்ட அதே பெயர்களைப் பாவிக்கிறது. சாம்சங்கில் மோட் என்று இராது, பீக் பிரைற்னஸ் என்ற இடத்தில் கூட்டிக் குறைக்கவேண்டும். மெனுவில் எச்டிஆர் ஓடும்போது மட்டும்தான் இந்தத் தெரிவுகள் தென்படும், எஸ்டிஆரில் தேடினால் கிடைக்காது.

சூரியனும் முகிலும் ஒரே வெள்ளைக் கட்டியாகத் தெரிகின்றன

மூன்று எண்ணும் ஒத்துப்போகாதபோது வருவது இது. மொனிற்றர் ட்ரூ பிளாக்கில் நிற்கிறது, விண்டோஸோ கேமோ இன்னும் 1000 என்று நினைத்து அனுப்புகிறது, 450க்கு மேலே வருவதெல்லாம் வெட்டுப்பட்டு வெறும் வெள்ளையாகிறது. மோட்டை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் இது வரும், மச்சானுக்கும் நான் மோட்டை மாற்றிக் கொடுத்த அதே நாள் பின்னேரமே வந்தது.

மைக்ரோசொஃப்ற் ஸ்டோரில் "விண்டோஸ் எச்டிஆர் கலிபிரேஷன்" என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸ் 11க்கு. மூன்று கட்டங்கள்: இருட்டு, உச்ச வெளிச்சம், முழுத்திரை வெளிச்சம். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டக்கட்டமான வடிவம் தெரியும், அது மறையும் வரை இழுக்கவேண்டும். ட்ரூ பிளாக்கில் உச்சம் 400க்கும் 470க்கும் இடையில் மறையும், பீக் 1000இல் 1000 அளவில். 1000ஐத் தாண்டி 1500, 2000 என்று போயும் மறையவில்லை என்றால் மொனிற்றர் தானே உச்சத்தை அமுக்கிக் காட்டுகிறது, அதாவது டோன் மப்பிங் செய்கிறது. மெனுவில் அதை நிறுத்த இடம் இருந்தால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் 1000இலேயே விட்டுவிடுங்கள். இறுதியில் நிறச் செறிவுக்கு ஒரு கோடு வரும், நான் அதைத் தொடுவதில்லை.

சேமிக்கும்போது புரொபைலுக்குப் பெயர் கேட்கும். இரண்டு மோட்டுக்கும் தனித்தனியாகச் செய்து "இருட்டு 1000", "பகல் 400" என்று பெயர் வையுங்கள். பிறகு மோட் மாற்றும்போது டிஸ்பிளே செற்றிங்ஸில் உள்ள கலர் புரொபைல் பட்டியலில் இருந்து உரியதைத் தெரிந்தால் போதும், திரும்பத் திரும்ப அளக்கத் தேவையில்லை.

கேமுக்குள் இரண்டு எண்ணை மட்டும் கவனியுங்கள். உச்ச வெளிச்சம் மேலே சொன்ன அதே எண். பேப்பர் வைற் என்பது காட்சியில் ஒரு வெள்ளைத்தாள் எவ்வளவு வெளிச்சம் என்பது, இரவில் விளையாடினால் 150, 200 போதும், பகலில் 250 வரை கூட்டலாம். இதை 400இல் வைத்துவிட்டு உச்சத்தையும் 400இல் வைத்தால் சூரியனுக்கும் வெள்ளைத் தாளுக்கும் வித்தியாசமே இராது, அதற்கு எச்டிஆர் எதற்கு?

பிளேஸ்டேஷன் 5 என்றால் வீடியோ அவுட்புட் பக்கத்தில் எச்டிஆரைச் சரிசெய்கிற மூன்று திரைகள் உண்டு. முதல் இரண்டில் குறி மறையும் வரை கூட்டி, மறைந்த இடத்திலேயே நில்லுங்கள், மூன்றாவதை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். மொனிற்றரில் எச்ஜிஐஜி என்று ஒரு தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்போது வெளிச்சத்தை அமைப்பது கேமின் பொறுப்பு, மொனிற்றர் இடையில் கைவைக்காது.

எச்டிஆரைப் போட்டதும் டெஸ்க்டொப் வெளிறிப் போகிறது

கேம் நன்றாகத்தான் இருக்கும், விண்டோஸ் மட்டும் சாம்பல் பூசின மாதிரி இருக்கும். எச்டிஆர் ஓடும்போது சாதாரணப் படத்துக்கு விண்டோஸ் பாவிக்கிற வளைவும், மொனிற்றர்கள் எஸ்டிஆரில் வழக்கமாகப் பாவிக்கிற 2.2 காமா என்ற வளைவும் இருட்டுப் பகுதியில் ஒத்துப்போவதில்லை, நிழல்கள் கொஞ்சம் மேலே தூக்கித் தெரியும். எஸ்டிஆர் பிரைற்னஸ் கோட்டைச் சரிபார்த்தால் மங்கல் போகும், வெளிறல் முழுதாகப் போகாது. எளிய வழி, எச்டிஆரை எந்நேரமும் போட்டு வைக்காமல் கேம் தொடங்க முதல் விண்டோஸ் விசை, ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அமர்த்துங்கள், முடிந்ததும் அதையே திரும்ப அமர்த்துங்கள்.

பகலில் கறுப்பு கறுப்பாக இல்லை

யன்னல் இரண்டும் திறந்து, சுவருக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, வெளியே மண்முற்றத்தில் வெயில் பட்டு அறைக்குள் தெறிக்கிற வீடுகள்தான் எங்களுடையவை. கியூடி-ஓலெட் திரைகளில் பலவற்றில் வெளி வெளிச்சம் தெறிப்பதைக் குறைக்கிற போலரைசர் தகடு இல்லை, அதனால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வந்து கறுப்பை ஊதாக் கலந்த சாம்பல் ஆக்கிவிடும். ட்ரூ பிளாக் என்று போட்டிருக்கிற 0.0005 நிற்ஸ் இருட்டறையில் அளந்தது.

இரவில் எல்லா லைற்றையும் அணைத்துவிட்டுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் மொனிற்றரில் குறையில்லை, குறை அறையில். யன்னல் வெளிச்சம் மொனிற்றரில் நேரேயோ பக்கவாட்டிலேயோ விழாத மாதிரி மேசையைத் திருப்பிப் போடுங்கள், அல்லது தடித்த துணியில் யன்னல் சீலை ஒன்று தைத்துப் போடுங்கள். என் அறையில் மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றியதில் கிடைத்த வித்தியாசம் எந்த மோட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இருட்டிலும் சாம்பலாகத் தெரிந்தால் மட்டும் கிராஃபிக்ஸ் கார்டின் கொன்ட்ரோல் பனலில் ஆர்ஜிபி வீச்சைப் பாருங்கள், அது "ஃபுல்" என்று இருக்கவேண்டும், "லிமிற்றட்" என்று அல்ல. மொனிற்றரிலும் அதே.

ஒன்றும் அசையாமல் இருந்தால் மெல்ல மெல்ல இருள்கிறது

இது ஏபிஎல் அல்ல. ஒரே படம் நீண்ட நேரம் நின்றால் தேய்வைக் குறைக்க மொனிற்றர் தானே இறக்குகிறது, மௌஸை அசைத்ததும் ஏறும். ஓலெட் கெயார் மாதிரிப் பெயரில் மெனுவில் இருக்கும், சிலவற்றை நிறுத்தலாம், சிலவற்றை முடியாது. நிறுத்தாமல் இருப்பதே நல்லது.

இருட்டுக் காட்சியில் படபடவென்று மினுங்குகிறது

விஆர்ஆர் (கேமின் பிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றுகிற வசதி) போட்டிருக்கிறீர்களா, பிரேம் எண்ணிக்கை 50க்கும் 110க்கும் இடையில் தாவுகிறதா என்று பாருங்கள். புதுப்பிப்பு வேகம் மாறும்போது கறுப்புக்குக் கிட்டவுள்ள சாம்பல்களின் வெளிச்சமும் சேர்ந்து மாறுவது ஓலெட்டின் இயல்பு. பிரேமை உங்கள் கார்ட் விடாமல் பிடிக்கக்கூடிய ஒரு எண்ணில் கட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்தக் கேமுக்கு மட்டும் விஆர்ஆரை நிறுத்துங்கள்.

மாலை வானத்தில் கோடு கோடாகத் தெரிகிறது

எட்டு பிற்றில் ஓடுகிறது, அதாவது நிறப் படிகள் பத்து பிற்றை விடக் குறைவு. அட்வான்ஸ்ட் டிஸ்பிளே பக்கத்தில் பிற் ஆழம் எத்தனை என்று எழுதியிருக்கும். எச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கே, 60 ஹேர்ட்ஸ், பத்து பிற், முழு ஆர்ஜிபி நான்கும் ஒன்றாகப் போகாது, இடம் பத்தாது. மேலே சொன்ன 34 அங்குல ஏலியன்வெயாரிலும் டிஸ்பிளே போர்ட்டில் 175 ஹேர்ட்ஸ் என்றால் எட்டு பிற், 144க்கு இறக்கினால்தான் பத்து. வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள், அல்லது பெட்டிக்குள் வந்த கேபிளையே பாவியுங்கள்.

வெறும் சாம்பல் பக்கத்தில் பழைய படத்தின் நிழல் தெரிகிறது

இரவில் படுக்க முதல் சுவரில் உள்ள பிளக் சுவிச்சை நிறுத்திவிட்டுப் படுப்பது எங்கள் வீடுகளில் பழக்கம். ஐப்பசியில் இடிமின்னல் தொடங்கினால் பிளக்கையே கழற்றி வைப்போம். வேறு எந்தச் சாமானுக்கும் அது நல்லதுதான், ஓலெட் மொனிற்றருக்கு ஒரு சிறு திருத்தம் வேண்டும். பல மாடல்களில் மொத்தமாக நாலு மணித்தியாலம் ஓடியபிறகு, நீங்கள் நிறுத்தியதும் உள்ளே ஒரு துப்புரவு வேலை தொடங்கும். புள்ளிகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்து ஈடுசெய்கிற வேலை, சில நிமிடங்கள் எடுக்கும், அந்த நேரம் பவர் பொத்தானின் வெளிச்சம் பல மாடல்களில் மினுங்கிக்கொண்டிருக்கும். சுவர் சுவிச்சை உடனே நிறுத்தினால் அந்த வேலை நடக்காமலே போகும்.

முதல் இரண்டு மாதம் நான் அப்படித்தான் செய்தேன், ஒவ்வொரு இரவும், நல்லது என்று நினைத்து. ஒரு நாள் வெறும் சாம்பல் பக்கத்தைத் திறந்தபோது கீழே விண்டோஸ் பட்டை இருந்த இடம் ஒரு நூல் அளவு மங்கலாகத் தெரிந்தது. மெனுவில் இருந்து துப்புரவை நானே ஓட்டி, பிறகு நிறுத்தியதும் கால் மணித்தியாலம் விட்டுவிட்டுச் சுவிச்சை நிறுத்தத் தொடங்கினேன், சில நாளில் அது கண்ணுக்குத் தெரியாமல் போனது. மின்னல் அடிக்கிற இரவில் காத்திருக்கவேண்டாம், பிளக்கைக் கழற்றுங்கள், துப்புரவு அடுத்த நாளும் செய்யலாம்.

எல்லாம் செய்தும் மங்கல் போகவில்லை

மெனுவில் ஃபேம்வெயார் (மொனிற்றருக்குள் ஓடுகிற மென்பொருள்) பதிப்பு எண்ணைப் பார்த்துத் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சில மாடல்களில் எச்டிஆர் மோட்டின் நடத்தை புதிய ஃபேம்வெயாரில் திருத்தப்பட்டிருக்கிறது. போட்டால் உங்கள் பழைய தெரிவுகள் அழிந்துவிடக்கூடும், ஆகவே மெனுப் பக்கங்களை முதலே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், போட்டு முடிந்ததும் விண்டோஸ் கலிபிரேஷனையும் புதிதாகச் செய்யுங்கள். யூஎஸ்பி வழியாக அது ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மொனிற்றர் திரும்ப எழும்பாமலே போகலாம். கணினி, மொனிற்றர் இரண்டையும் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, மழை இல்லாத ஒரு காலை வேளையில் செய்யுங்கள்.